வால்சந்த் ஹீராசந்த்

வால்சந்த் ஹீராசந்த் தோசி (நவம்பர் 23, 1882 – ஏப்ரல் 8, 1953) இந்தியத் தொழிலதிபர் ஆவார். இந்தியாவின் முதல் வானூர்தித் தொழிற்சாலையான இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தை 1940-ஆம் ஆண்டு பெங்களூரில் தொடங்கியவர் இவரே. இந்நிறுவனமே பின்னாளில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் எனப் பெயர் பெற்று, நாட்டின் பாதுகாப்புத் துறைக்குப் போர் வானூர்திகளை ஆக்கித் தரும் பொதுத்துறை நிறுவனமாக வளர்ந்தது. விசாகப்பட்டினம் கப்பல் கட்டும் தளம், சிந்தியா நீராவிக் கப்பல் நிறுவனம், பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், இந்துஸ்தான் கட்டுமான நிறுவனம் ஆகியவையும் இவரது முயற்சியால் தோன்றியவை அல்லது வளர்ந்தவை. கப்பல், வானூர்தி, தானுந்து ஆகிய மூன்று போக்குவரத்துத் துறைகளிலும் அயலாட்சிக் காலத்திலேயே உள்நாட்டுத் தொழிலை நிறுவ முயன்றதால் இந்தியப் போக்குவரத்துத் தொழிலின் தந்தை என்று இவரைக் குறிப்பிடுவது வழக்கம்.

இளமை

வால்சந்த் அன்றைய பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்த சோலாப்பூரில் குசராத்தி திகம்பர சமணக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இவரது முன்னோர் கத்தியவாரில் உள்ள வாங்கானேரிலிருந்து குடிபெயர்ந்தவர்கள். தந்தை ஹீராசந்த் பருத்தி வணிகமும் வட்டித் தொழிலும் நடத்தி வந்தார். சோலாப்பூர் அரசு உயர்நிலைப் பள்ளியில் 1899-இல் மெட்ரிகுலேசன் தேறிய வால்சந்த், பம்பாய் தூய சேவியர் கல்லூரியிலும் பூனா தக்காணக் கல்லூரியிலும் பயின்றார். பட்டப் படிப்பை முடிக்கவில்லை. குடும்பத் தொழிலில் சேர்ந்த இவருக்குப் பருத்தியும் வட்டியும் பிடிக்கவில்லை என்பது விரைவிலேயே தெளிவாயிற்று.

கட்டுமானத் தொழில்

இருப்புப்பாதைத் துறையில் எழுத்தராகப் பணியாற்றி விலகிய இலட்சுமண்ராவ் பாட்டக் என்பவருடன் கூட்டுச் சேர்ந்து வால்சந்த் ஒப்பந்தப் பணிகளில் இறங்கினார். சோலாப்பூர் வட்டாரத்தில் பார்சி சிறு இருப்புப்பாதையின் ஒரு பகுதியை அமைத்ததே இவர்களது முதல் பெரிய வேலை. பணம் வால்சந்தின் குடும்பத்திலிருந்து வந்தது. வேலையின் நுணுக்கம் பாட்டக்கிடம் இருந்தது. பிறருடைய தொழில்நுட்ப அறிவையும் தம்முடைய நிதி திரட்டும் ஆற்றலையும் இணைக்கும் இந்த முறையையே வால்சந்த் பின்னர் கப்பலிலும் வானூர்தியிலும் கையாண்டார்.

முதல் உலகப் போர்க்காலத்தில் படைமுகாம்கள் கட்டும் ஒப்பந்தங்களும் கிடைத்தன. 1920-இல் டாட்டா குழுமத்துடன் இணைந்து டாட்டா கட்டுமான நிறுவனம் அமைந்தது. பம்பாய்க்கும் பூனாவுக்கும் இடையே போர்க்கணவாயில் இருப்புப்பாதைக்காக மலையைக் குடைந்து அமைத்த சுரங்க வழிகள் இக்காலப் பணிகளுள் புகழ்பெற்றவை. 1926-இல் இந்துஸ்தான் கட்டுமான நிறுவனம் தொடங்கப்பட்டது. பம்பாய் நகருக்குத் தான்சா ஏரியிலிருந்து குடிநீர் கொண்டுவரும் குழாய்ப் பணியும், சிந்து ஆற்றின் மீது காலாபாக்கில் அமைந்த பாலமும் இவரது நிறுவனங்கள் செய்தவை.

இதே காலத்தில் வேளாண்மையிலும் இவர் கை வைத்தார். நாசிக் அருகே இராவல்காவிலும், பூனா மாவட்டத்தில் நீரா ஆற்றங்கரையை ஒட்டிய களம்ப் என்னும் சிற்றூரிலும் கரும்புப் பண்ணைகளும் சர்க்கரை ஆலைகளும் எழுந்தன. களம்ப் பண்ணையைச் சுற்றி வளர்ந்த ஊர் வால்சந்த்நகர் எனப் பெயர் பெற்றது.

கப்பல் தொழில்

1919-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குவாலியர் மன்னருக்குச் சொந்தமான கப்பல் ஒன்று விற்பனைக்கு வருவது வால்சந்துக்குத் தொடர்வண்டிப் பயணத்தின்போது தற்செயலாகத் தெரிய வந்தது. கனேடியப் பசிபிக் நிறுவனத்துக்காகக் கட்டப்பட்டு எம்பிரஸ் ஆஃப் இந்தியா என்ற பெயரில் ஓடிய அக்கப்பலை, குவாலியர் சிந்தியா மன்னர் வாங்கி லாயல்டி என்று பெயர் மாற்றிப் போர்க்காலத்தில் மருத்துவக் கப்பலாக ஈடுபடுத்தியிருந்தார். நரோத்தம் மொரார்ஜி, கிலாசந்த் தேவ்சந்த், லல்லுபாய் சாமள்தாஸ் ஆகியோருடன் சேர்ந்து வால்சந்த் அதை வாங்கினார். மன்னரின் குடிப்பெயராலேயே சிந்தியா நீராவிக் கப்பல் நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. 1919 ஏப்ரல் 5 அன்று லாயல்டி பம்பாயிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்டது. அந்நாளே இந்தியாவில் தேசியக் கடல்சார் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

கப்பல் வாங்குவது எளிதாக இருந்தது. சரக்குப் பெறுவதே கடினம். இந்தியக் கடற்கரை வணிகம் அப்போது பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பல் நிறுவனத்தின் கையில் இருந்தது. இன்ச்கேப் பிரபு அதன் தலைவர். நாகூர், நாகப்பட்டினம் பகுதி மக்களுக்கு இந்நிறுவனம் நன்கு அறிமுகமானது. சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பல பத்தாண்டுகள் சென்று வந்த ரஜூலா கப்பல் அதற்குரியதே. புதிதாக ஒரு நிறுவனம் களத்தில் இறங்கினால் பழைய நிறுவனங்கள் இரண்டு கருவிகளைப் பயன்படுத்தின. ஒன்று, கட்டணத்தைச் செலவுக்கும் கீழே இறக்குவது. மற்றொன்று, ஒத்திவைத்த தள்ளுபடி. சரக்கு அனுப்பும் வணிகர் செலுத்தும் கட்டணத்தில் ஒரு பகுதி குறிப்பிட்ட மாதங்கள் கழித்தே திருப்பித் தரப்படும். அதற்குள் அவர் வேறு நிறுவனத்தின் கப்பலில் ஒரு மூட்டை அனுப்பினாலும் அத்தொகை முழுவதையும் இழப்பார். ஆகவே சிந்தியா நிறுவனம் குறைந்த கட்டணம் கேட்டாலும் வணிகர்கள் அஞ்சினர்.

வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனம் இதே போட்டியாளரின் கட்டணக் குறைப்பாலும், அரசின் ஒடுக்குமுறையாலும் சில ஆண்டுகளில் வீழ்ந்தது. சிந்தியா நிறுவனம் வீழாமல் நின்றதற்கு இரு காரணங்கள் கூறலாம். அதன் பங்கு முதல் பெரிது. அதன் உரிமையாளர்கள் அரசியல் சிறைக்குச் செல்லாமல் பேச்சு மேசையில் அமர்ந்தனர். எனினும் அதற்கும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. நிறுவனத்தை வாங்கிவிட இன்ச்கேப் முயன்றபோது உரிமையாளர்கள் மறுத்தனர். ஆனால் 1923-இல் பத்தாண்டு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டனர். இதன்படி சிந்தியா கப்பல்கள் இந்தியக் கடற்கரையிலும் பர்மா வழியிலும் மட்டுமே ஓடலாம். கப்பல்களின் அளவுக்கும் வரம்பு விதிக்கப்பட்டது. வெளிநாட்டு வழிகள் அடைபட்டன. இலண்டன் சென்று வந்த லாயல்டி அதே ஆண்டு உடைப்புக்கு விற்கப்பட்டது.

இரங்கூனிலிருந்து இந்தியத் துறைமுகங்களுக்கு அரிசி ஏற்றி வருவது சிந்தியா கப்பல்களின் முதன்மைத் தொழிலாயிற்று. காவிரிக் கழிமுகத்து உழவர்கள் இந்த அரிசியை வரவேற்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். 1930-களின் உலகப் பொருளியல் மந்தத்தின்போது பர்மா, சயாம் அரிசி மலிவாக வந்திறங்கியதால் தஞ்சை மாவட்டத்தில் நெல் விலை சரிந்தது. இறக்குமதிக்கு வரி விதிக்கக் கோரி மிராசுதாரர்கள் குரல் எழுப்பினர். உள்நாட்டுக் கப்பல் என்பதும் உள்நாட்டு நெல் என்பதும் எப்போதும் ஒரே பக்கத்தில் நிற்கவில்லை.

1929-இல் நரோத்தம் மொரார்ஜி காலமானதும் வால்சந்த் நிறுவனத்தின் தலைவரானார். 1950 வரை அப்பொறுப்பில் இருந்தார். கடற்கரை வணிகத்தை இந்தியக் கப்பல்களுக்கே ஒதுக்கும் சட்ட முன்வரைவை எஸ். என். ஹாஜி மைய சட்டமன்றத்தில் கொண்டுவந்தபோது அதற்குப் பின்னணியில் சிந்தியா நிறுவனம் நின்றது. அம்முன்வரைவு சட்டமாகவில்லை. 1937-இல் ஹஜ் பயணிகளுக்கான கப்பல் வழியிலும் சிந்தியா இறங்கி, மீண்டும் ஒரு கட்டணப் போரைச் சந்தித்தது.

தானுந்து முயற்சி

உள்நாட்டிலேயே தானுந்து செய்ய வேண்டும் என்ற கருத்தை மைசூரின் முன்னாள் திவான் விசுவேசுவரய்யா 1930-களின் நடுவில் முன்வைத்தார். வால்சந்த் அதற்குச் செயல் வடிவம் தர முன்வந்தார். அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனத்துடன் பேச்சு முறிந்தது. கிரைசுலர் நிறுவனம் இசைந்தது. பம்பாய் மாகாணத்துக் காங்கிரசு அமைச்சரவை உதவ முன்வந்தது. ஆனால் உலகப் போர் மூண்டபின் இந்திய அரசு, தானுந்துத் தொழிற்சாலை போர் முயற்சிக்கு இன்றியமையாதது அன்று என்று கூறி இயந்திர இறக்குமதிக்கு இசைவு தரவில்லை. படைக்கு ஆயிரக்கணக்கில் சரக்குந்துகள் தேவைப்பட்ட நேரத்தில் இவ்வாறு கூறப்பட்டது. திட்டம் 1944 வரை காத்திருந்து பிரீமியர் ஆட்டோமொபைல்சு என்னும் நிறுவனமாகப் பதிவாயிற்று. 1947-இல் பம்பாய் குர்லாவில் இருந்து முதல் வண்டிகள் வெளிவந்தன. தமிழகச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய ஃபார்கோ சரக்குந்தும், ஃபியட் மகிழுந்தும், பின்னர் வந்த பத்மினியும் இந்நிறுவனத்தினவே.

வானூர்தித் தொழிற்சாலை

தானுந்துப் பேச்சுக்காக அமெரிக்கா சென்றிருந்த வால்சந்த், 1939 அக்டோபரில் பசிபிக் மாக்கடலைக் கடக்கும் பறக்கும் படகு ஒன்றில் நாடு திரும்பினார். அப்பயணத்தில் வில்லியம் பாலி என்ற அமெரிக்கர் உடன் வந்தார். பாலி இன்டர்காண்டினென்ட் நிறுவனத்தின் தலைவர்; சீன அரசுக்காக யுன்னான் மாநிலத்தில், பர்மா எல்லைக்கருகே இலோய்விங்கில் வானூர்தித் தொழிற்சாலை நடத்தி வந்தவர். சப்பானியரின் குண்டுவீச்சுக்கு அஞ்சிச் சீன உட்பகுதிக்கு இடம் மாறிக்கொண்டே இருந்த தொழிற்சாலை அது. கட்டமைப்பே இல்லாத ஒரு மலைப்புறத்தில் வானூர்தி கட்ட முடியுமானால் இந்தியாவில் ஏன் முடியாது என்ற எண்ணம் வால்சந்துக்கு அவ்வழியில் உறுதிப்பட்டது. கப்பலைப் போலவே வானூர்தியும் ஒரு பயணப் பேச்சில் இவர் வாழ்வில் நுழைந்தது.

வால்சந்த் உடனே இந்திய அரசுக்குத் திட்டத்தைத் தெரிவித்தார். பல மாதங்கள் பயன் விளையவில்லை. அமெரிக்க இயந்திரங்களும் மூலப்பொருள்களும் இந்தியாவுக்குத் திரும்பினால் பிரித்தானியத் தொழிற்சாலைகளுக்குக் குறையும் என்ற கவலை இலண்டனில் இருந்தது. அயலாட்சி நாட்டில் இத்தகைய நுட்பத் தொழில் வேரூன்றுவதில் விருப்பமின்மையும் இருந்தது என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். 1940 சூனில் பிரான்சு வீழ்ந்ததும் நிலைமை மாறியது. பிரித்தானியாவிலிருந்து இந்தியாவுக்கு வானூர்திகள் வரும் வாய்ப்பு அருகியது. அரசு இசைந்தது.

இடம் தேர்வு

பல சமத்தானங்களுடன் பேசிய பின் மைசூர் தேர்வாயிற்று. திவான் மிர்சா இசுமாயில் காட்டிய விரைவு இதற்கு முதற்காரணம். மைசூர் அரசு பெங்களூர் நகருக்கு வெளியே ஏறத்தாழ 700 ஏக்கர் நிலம் அளித்தது. பங்கு முதலிலும் சேர்ந்தது. சிவசமுத்திரம் நீர் மின்நிலையத்திலிருந்து மலிவாக மின்சாரம் கிடைத்தது. 1909-இல் நிறுவப்பட்ட இந்திய அறிவியல் கழகம் அருகிலேயே இருந்தது. ஆண்டு முழுவதும் மிதமாக இருக்கும் தட்பவெப்பம் உலோக வேலைக்கும் பறப்புச் சோதனைக்கும் ஏற்றது. இவை எல்லாவற்றினும் மேலாக, பெங்களூர் கடற்கரையிலிருந்து உள்ளடங்கி இருந்தது. இரண்டாண்டுகளில் இதன் முதன்மை வெளிப்பட்டது.

தொடக்கம்

1940 டிசம்பர் 23 அன்று இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் பெங்களூரில் பதிவு செய்யப்பட்டது. அனுமதிக்கப்பட்ட முதல் 4 கோடி ரூபாய். செலுத்தப்பட்ட முதல் 40 இலட்சம் ரூபாய். வால்சந்துடன் துளசிதாஸ் கிலாசந்த், தரம்சி கட்டாவ் ஆகியோர் தனியார் பங்காளிகள். பாலியின் அமைப்பு இயந்திரங்களை வாங்கி அனுப்பும் பொறுப்பையும் அமெரிக்கப் பொறியாளர்களைத் திரட்டும் பொறுப்பையும் ஏற்றது. 1941-இன் முதற்பகுதியில் இந்திய அரசும் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு நிறுவனத்தில் சேர்ந்தது. இவ்வாறு வால்சந்த் குழு, மைசூர் அரசு, இந்திய அரசு என மூவர் கூட்டாக நிறுவனம் இயங்கியது.

வெற்று நிலத்தில் தொழிற்கூடமும் ஓடுபாதையும் எழும்பிய வேகம் வியப்புக்குரியது. பதிவான எட்டே மாதத்தில், 1941 ஆகஸ்டில், அமெரிக்க ஹார்லோ வகைப் பயிற்சி வானூர்தி ஒன்று இங்கே பொருத்தப்பட்டுப் பறந்தது. உதிரிப் பாகங்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. ஆகவே இதை இந்தியாவில் வடிவமைத்த வானூர்தி என்று கூறுவது பொருந்தாது. இந்தியாவில் பொருத்தப்பட்டது என்பதே சரி. ஆயினும் இந்தியத் தொழிலாளர்கள் தகடு வெட்டவும் தறையவும் இயந்திரம் பூட்டவும் அங்கேதான் முதன்முதலாகப் பழகினர். அடுத்து, கர்ட்டிசு ஹாக் வகைச் சண்டை வானூர்திகள் 48 கட்டித் தரும் ஒப்பந்தம் கைக்கொள்ளப்பட்டது. வல்ட்டி வகைக் குண்டுவீச்சு வானூர்திகளும் திட்டத்தில் இருந்தன.

அரசு கையகப்படுத்தல்

1941 டிசம்பரில் சப்பான் போரில் இறங்கியது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச் 8 அன்று இரங்கூனும் வீழ்ந்தன. ஏப்ரல் 5 அன்று கொழும்பும், ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் சப்பானிய வானூர்திகளின் தாக்குதலுக்கு உள்ளாயின. சென்னையிலிருந்து மக்கள் வெளியேறினர். மாகாண அரசின் அலுவலகங்கள் உள்ளூர்களுக்கு மாற்றப்பட்டன.

இதே ஏப்ரலில் இந்திய அரசு தொழிற்சாலையின் மேலாண்மையை முழுமையாகத் தன் கையில் எடுத்தது. வால்சந்த் குழுவின் பங்குகளுக்கு ஈட்டுத்தொகை தந்து வாங்கிக்கொண்டது. மைசூர் அரசு தன் பங்கை வைத்துக்கொண்டு மேலாண்மையில் தலையிடாமல் ஒதுங்கியது. தொடங்கிப் பதினாறு மாதங்களுக்குள் நிறுவனர் வெளியேற்றப்பட்டார்.

அரசின் தரப்பில் கூறப்பட்ட காரணம் போர்ப் பாதுகாப்பு. எதிரி அண்மையில் வந்துவிட்ட நிலையில் ஒரு படைத்தொழிற்சாலையைத் தனியார் பங்காளிகளின் ஒப்புதலுக்குக் காத்து நடத்த இயலாது என்பதில் நியாயம் இருந்தது. மறுபுறம், போர் முடிந்தபின் நிறுவனத்தைத் திருப்பித் தரும் உறுதிமொழி எதுவும் அதில் இல்லை. பொறுப்பேற்ற அரசு உடனே உற்பத்தியையும் குறைத்தது. ஹாக் வானூர்தி 1942 சூலை இறுதியில் பறந்தது. ஒப்பந்தமான 48-இல் ஐந்து மட்டுமே முடிவடைந்தன. வல்ட்டித் திட்டம் கைவிடப்பட்டது. இதன்பின் தொழிற்சாலை வானூர்திகளைப் பழுது பார்க்கும் இடமாக மாறியது. 1943-இல் அமெரிக்க வான்படையின் பொறுப்பில் வந்து, இந்தியா, பர்மா, சீனா ஆகிய முனைகளில் பறந்த வானூர்திகளுக்குப் பெரும் பணிமனையாயிற்று. ஏரிகளில் இறங்கும் கேட்டலினா பறக்கும் படகுகளைக்கூட இங்கே செப்பனிட்டனர். பல்லாயிரம் தொழிலாளர்கள் பயிற்சி பெற்றனர். உற்பத்தி நின்றாலும் கைத்திறன் வளர்ந்தது என்பது இக்காலத்தின் முரணான பயன்.

வால்சந்துக்கு இது பேரிழப்பாக இருந்தது. பணத்தைப் பொருத்தவரை ஈடு கிடைத்தது. ஆனால் அவர் விரும்பியது பங்கின் மதிப்பை அன்று. வானூர்தித் தொழிலில் முழுவதும் விலகாமல், சிந்தியா நிறுவனத்தின் வழியாக ஏர் சர்வீசசு ஆஃப் இந்தியா என்னும் பயணி வானூர்தி நிறுவனத்தை 1943-இல் ஏற்றார். அதுவும் 1953-இல் நாட்டுடைமையாகி இந்தியன் ஏர்லைன்சு நிறுவனத்தில் கலந்தது.

பின் வளர்ச்சி

பெங்களூர்த் தொழிற்சாலை தோன்றியதன் விளைவாக இந்திய அறிவியல் கழகத்தில் 1942-இல் வானூர்திப் பொறியியல் துறை தொடங்கியது. அத்துறையில் பணியாற்றிய வி. எம். காட்கே பின்னர் தொழிற்சாலையின் வடிவமைப்புத் தலைவரானார். அவரது குழு வடிவமைத்த எச்.டி.-2 பயிற்சி வானூர்தி 1951 ஆகஸ்டில் முதலில் பறந்தது. போருக்குப் பிந்தைய சில ஆண்டுகளில் வானூர்தி வேலை போதாமல், தொடர்வண்டிப் பெட்டிகளும் பேருந்து உடல்களும் இங்கே கட்டப்பட்டன. செருமானியப் பொறியாளர் குர்ட் டாங்க் தலைமையில் வடிவமைக்கப்பட்ட மாருத் சண்டை வானூர்தி 1961 சூன் 17 அன்று பறந்தது. 1964 அக்டோபர் 1 அன்று ஏரோநாட்டிக்ஸ் இந்தியா நிறுவனத்துடன் இணைந்து இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் என்ற இன்றைய பெயர் வந்தது. தேஜசு இலகுரகச் சண்டை வானூர்தியின் முதற்பறப்பு 2001 சனவரி 4 அன்று நிகழ்ந்தது. அதைக் கட்டும் நிறுவனமும் இதுவே.

கப்பல் கட்டும் தளம்

வானூர்தித் தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருந்த அதே ஆண்டு, 1941 சூன் 21 அன்று, விசாகப்பட்டினத்தில் சிந்தியா நிறுவனத்தின் கப்பல் கட்டும் தளத்துக்கு இராசேந்திர பிரசாத் அடிக்கல் நாட்டினார். வால்சந்த் முதலில் விரும்பிய இடம் கல்கத்தா. அங்கே துறைமுக நிருவாகத்துடன் உடன்பாடு ஏற்படவில்லை. 1942 ஏப்ரல் குண்டுவீச்சில் விசாகப்பட்டினத் துறைமுகம் தாக்கப்பட்டதால் பணி குலைந்தது. போரின் பிற்பகுதியில் எஃகும் இயந்திரமும் கிடைப்பது அரிதாயிற்று.

விடுதலைக்குப் பின் 1948 மார்ச் 14 அன்று, இத்தளத்தில் கட்டிய 8,000 டன் கப்பலான ஜல உஷாவைப் பிரதமர் நேரு நீரில் இறக்கினார். நீராவியால் இயங்கும் பெரிய கப்பலொன்று இந்தியத் தளத்தில் முழுமையாக உருவானது அப்போதுதான். ஆனால் அயல்நாட்டில் வாங்குவதைவிட இங்கே கட்டுவதற்கு மிகுதியாகச் செலவானது. அந்த வேறுபாட்டை ஈடுகட்ட அரசின் உதவி தேவைப்பட்டது. 1952-இல் தளத்தின் மூன்றில் இரு பங்கை அரசு எடுத்துக்கொண்டு இந்துஸ்தான் கப்பல் தளம் என்ற நிறுவனத்தை அமைத்தது. 1961-இல் எஞ்சிய பங்கும் அரசிடம் சென்றது. இத்தளம் பாதுகாப்பு அமைச்சகத்தின் பொறுப்புக்கு 2010-இல் மாற்றப்பட்டது.

பொது வாழ்வு

வால்சந்த் இந்திய வணிக, தொழில் மன்றங்களின் கூட்டமைப்பின் தலைவராக 1932–33-இல் இருந்தார். மராத்திய வணிகர்களை ஒன்று சேர்த்து 1927-இல் மகாராட்டிர வணிக மன்றம் தோன்றவும் துணை நின்றார். காங்கிரசுத் தலைவர்களுடன், குறிப்பாக வல்லபாய் படேலுடன், நெருங்கிய தொடர்பு இருந்தது. அதே வேளையில் அயலாட்சி அரசின் ஒப்பந்தங்களையும் பெற்று வந்தார். ஒரு கையால் அரசுக்குச் சுரங்கம் குடைந்து, மறு கையால் அதன் கப்பல் கொள்கையை எதிர்த்த இந்த இரட்டை நிலை அக்கால இந்திய முதலாளிகள் பலருக்கும் பொதுவானது.

இவரைக் குறை கூறுவோரும் உளர். கைமுதலுக்கு மிஞ்சிய திட்டங்களை ஒரே நேரத்தில் தொடங்கினார் என்பதும், அரசின் உத்தரவாதத்தையும் கொள்முதலையும் நம்பியே பெருந்தொழில்களில் இறங்கினார் என்பதும் அவர்கள் கூறும் குறைகள். 1940–41-ஆம் ஆண்டுகளில் வானூர்தி, கப்பல் தளம், தானுந்து ஆகிய மூன்றையும் ஒருசேர நடத்த முயன்றதை நோக்கின் முதற்குறையில் உண்மை உண்டு. இரண்டாவதைப் பொருத்தவரை, கனரகத் தொழிலும் படைத்தொழிலும் அரசு வாங்காமல் எந்த நாட்டிலும் நிலைத்ததில்லை. வால்சந்தின் இடர்ப்பாடு வேறு: வாங்க வேண்டிய அரசு இவர் நாட்டு அரசாக இருக்கவில்லை.

இறுதிக் காலம்

1949-இல் பக்கவாதம் தாக்கியதால் வால்சந்த் செயலிழந்தார். அடுத்த ஆண்டு நிறுவனப் பொறுப்புகளிலிருந்து விலகினார். தம்பியரான குலாப்சந்த், இரத்தன்சந்த், லால்சந்த் ஆகியோர் குழுமத்தை நடத்தினர். மனைவி கஸ்தூர்பாய் அருகிருந்து பேணினார். 1953 ஏப்ரல் 8 அன்று குசராத்திலுள்ள சித்தபூரில் வால்சந்த் காலமானார். லாயல்டி பம்பாயை விட்டுப் புறப்பட்டு அப்போது 34 ஆண்டுகளும் மூன்று நாள்களும் ஆகியிருந்தன.

நினைவு

சாங்லியில் 1947-இல் தொடங்கிய பொறியியல் கல்லூரிக்கு இவரது பெயர் பின்னர் சூட்டப்பட்டது. சோலாப்பூரிலும் இவர் பெயரால் தொழில்நுட்பக் கல்லூரி உள்ளது. இந்திய அஞ்சல் துறை 2004-இல் இவரது உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது. வால்சந்த்நகரில் சர்க்கரை ஆலைக்கான இயந்திரங்கள் செய்யத் தொடங்கிய பட்டறை, பின்னாளில் அணுமின் நிலையங்களுக்கும் இந்திய விண்வெளித் திட்டத்தின் ஏவூர்திகளுக்கும் உறுப்புகள் செய்து தரும் வால்சந்த்நகர் தொழிலகமாக வளர்ந்தது.